மண்ணுக்குள் இருக்கும் பல்: வீட்டுப் பூண்டைத் தோண்டும் நாளை அறிதற்குரிய அளவைகள்

வீட்டுத் தோட்டத்தில் விளைவனவற்றுள் பெரும்பாலானவை தம் முதிர்ச்சியைத் தாமே அறிவித்துவிடும் இயல்பின. தக்காளி சிவந்து காட்டுகிறது; வெண்டைக்காய் தன் நுனியை ஒடித்துப் பார்க்க இடம் தருகிறது; பலாப்பழமோ உரியவரை மட்டுமன்றிப் பக்கத்துத் தெருவினரையும் மணத்தால் அழைத்துவிடுகிறது. மண்ணுக்கு அடியில் விளைவனவற்றிலும் முள்ளங்கி தன் தோளை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது; உருளைக்கிழங்குச் செடியின் அடியில் கைவிட்டு இரண்டு கிழங்கைத் திருடிக்கொண்டாலும் செடி அதைப் பொருட்படுத்தாமல் வளர்கிறது; மஞ்சளைப் பொங்கலுக்கு எடுக்க மறந்தவர்கள் மாசியில் எடுத்தாலும் பெரிய இழப்பு நேர்வதில்லை. பூண்டு இவற்றுள் எதனோடும் சேராதது. அது விளைந்ததா இல்லையா என்பதைத் தோண்டினாலன்றிக் காண இயலாது. தோண்டிக் கண்டபின் அந்த அறிவால் அந்தப் பூண்டுக்கு விளையும் நன்மை எதுவும் இல்லை. அறியும் செயலே அறியப்படும் பொருளின் வளர்ச்சியை முடித்துவைக்கும் இந்நிலை, இக்கட்டுரையில் ‘அகழ்வுச் சிக்கல்’ என்று வழங்கப்பெறும்.

இச்சிக்கலோடு பிரிக்க முடியாதவாறு பிணைந்திருப்பது ‘அகழ்வாவல்’. நட்ட பல் முளைத்து, நான்கைந்து இலை விட்டு, அதன்பின் கண்ணுக்குப் புலப்படும் மாற்றம் எதுவும் இன்றி வாரக்கணக்கில் நிற்கும் காலத்தில், வளர்ப்பவரின் உள்ளத்தில் தோன்றி, விடுமுறை நாள்களின் முற்பகலில் மிகுந்து, விருந்தினர் முன்னிலையில் கட்டுக்கடங்காமல் போகும் தோண்டல் விருப்பம் என்று அதனை வரையறுக்கலாம். இதன் பொருளியல் விளைவு எளிய கணக்கால் விளங்கும். பன்னிரண்டு செடிகள் உள்ள ஒரு தொட்டியில், மாதிரி பார்க்கும் பொருட்டு வாரத்துக்கு ஒரு செடி தோண்டப்படுமாயின், பன்னிரண்டாம் வாரத்தின் இறுதியில் பூண்டின் வளர்ச்சி பற்றிய ஐயம் திரிபற்ற முழு அறிவு கிட்டிவிடும். அவ்வறிவைப் பயன்படுத்துவதற்குப் பூண்டுதான் எஞ்சியிராது. இதற்கு மறுதலையாக, ‘இலை முழுதும் காயட்டும்’ என்று கைகட்டி நின்று, தோண்டுவோரை இகழ்ந்து, இறுதியில் பல் பல்லாகப் பிரிந்து மண்ணோடு கலந்து கிடப்பதைப் பொறுக்கி எடுப்போரும் உளர். இவர்தம் நோய் ‘பொறுமைச் செருக்கு’ எனப்படும். ஒரே வீட்டில், பெரும்பாலும் கணவன் மனைவி என்ற முறையில், இவ்விரு நோயாளரும் சேர்ந்து வாழ்வது அரிதன்று.

அளவைகளை ஆராயுமுன் ஆய்வுப்பொருளின் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வது நூல்மரபு. ‘பூண்டு’ என்பது சிறு செடி எதற்கும் பொதுப்பெயர். ‘புல் பூண்டு முளைக்காத இடம்’ என்று உலகவழக்கில் சொல்லும்போது ஒருவரும் ரசத்தை நினைப்பதில்லை. எல்லாச் செடிக்கும் உரிய பெயரைத் தனக்கே உரியதாக்கிக்கொண்ட இதன் துணிவு ஒருபுறம் நிற்க, ‘உள்ளி’ என்னும் மற்றொரு பெயர் இதனினும் ஆழ்ந்த குழப்பத்துக்கு இடமானது. யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றால் பூண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் வெண்மையைக் குறிக்கும் அடையைச் சேர்த்து வெளுத்துள்ளி, வெல்லுல்லி, பெள்ளுள்ளி என்று ஐயத்துக்கு இடமின்றி வழங்க, தமிழிலும் வெள்ளுள்ளி என்ற பெயர் உண்டு. ‘உள்ளே இருப்பது உள்ளி’ என்று பிரித்துப் பொருள் காண்பார் காணலாம். ‘உள்ளுதல்’ என்பதற்கு நினைத்தல் என்ற பொருள் உண்டாகலின், உள்ளே இருப்பதை வெளியே இருப்பவர் இடைவிடாது நினைத்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர் என்று கொள்வது இக்கட்டுரையின் நோக்கத்துக்கு மிகவும் இசைவானதாயினும், சான்று இன்மையால் அவ்விசைவு இங்குப் பயன்படுத்திக்கொள்ளப்படவில்லை.

1753-இல் தாவரவியலார் லின்னேயசு இதற்கு இட்ட பெயர் அல்லியம் சட்டைவம். இவற்றுள் ‘சட்டைவம்’ என்பதற்குப் பயிரிடப்படுவது என்பது பொருள். பல அடுக்காகச் சட்டை அணிந்திருப்பதால் வந்த பெயர் என்று யாரேனும் கூறின் மறுத்துரைக்க வேண்டும். ‘அல்லியம்’ என்பது இலத்தீனில் பூண்டையே குறிப்பது. சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்றும் அல்லியம் என்னும் பெயருடையது. கஞ்சன் ஏவிய யானையின் கொம்பை ஒடித்தற்குக் கண்ணன் ஆடியது. வெண்மையான, பல்லை ஒத்த ஒன்றை வேரோடு பறிப்பதே இரண்டிடத்தும் நிகழ்கிறது என்பது கருதத்தக்கதே. எனினும் ஒலியொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு இரண்டையும் இணைப்பது ஆராய்ச்சி ஆகாது என்று கூறி, மனமில்லாமல் மேற்செல்லலாம்.

பூண்டின் உடலமைப்பில் ஓர் உண்மையை அறிந்தாலன்றி அறுவடைக் காலத்தைப் பற்றிய எந்த வாதமும் நிலைபெறாது. வெளியே தெரியும் ஒவ்வோர் இலையும் தன் அடிப்பகுதியால் மண்ணுக்குள் பூண்டைச் சுற்றி ஓர் உறையாக அமைகிறது. கடையில் வாங்கிய பூண்டின்மேல் சரசரக்கும் வெள்ளைத்தோல் என்பது ஒருகாலத்தில் பச்சையாக நின்ற இலையின் கால். உள்ளே உள்ள பற்களோ இலைக்கக்கத்தில் தோன்றும் மொட்டுகள். ஆகவே மேலே ஓர் இலை காய்ந்தால் கீழே ஓர் உறை நலிகிறது. ஆறு இலை பச்சையாக இருந்தால் ஏறத்தாழ ஆறு உறை கேடின்றி இருக்கிறது. இலைகள் காயத் தொடங்கும் இறுதி வாரங்களிலேயே பற்கள் விரைவாகப் பருக்கின்றன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். முந்தித் தோண்டினால் உறை நிறைய இருக்கும், பல் சிறுத்திருக்கும். பிந்தித் தோண்டினால் பல் பெருத்திருக்கும், அதை மூட உறை இராது. செல்வம் சேரச்சேரப் பெட்டி உளுத்துக்கொண்டே வரும் வீட்டை ஒத்தது இந்நிலை. எந்த நாளில் செல்வமும் போதிய அளவு இருந்து பெட்டியும் பூட்டத்தக்கதாய் இருக்கிறதோ அந்த நாளே தேடப்படுவது.

இதற்குத் தமிழ்ச்சொல் வழக்கே துணைநிற்கிறது. தமிழர் இதன் கூற்றைப் ‘பல்’ என்றனர். முந்திப் பறித்தது பால்பல். ஈறு எது பல் எது என்று பிரித்தறிய இயலாமல் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிந்திப் பறித்தது கிழப்பல். ஈறு தேய்ந்து, ஒன்றுக்கொன்று விலகி, சோறு மெல்லும்போதே உதிர்வதுபோல் மண்வெட்டி படுமுன்னே உதிரும். கிழப்பல்லில் மண்ணும் ஈரமும் புகுந்து, பூஞ்சணம் பற்றி, சில நேரங்களில் பச்சை முளையும் எட்டிப்பார்க்கும்.

எல்லா இடத்திலும் இச்சிக்கல் எழுவதில்லை என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். பூண்டு பல்லாகப் பிரிவதற்கு வளர்ச்சியின் தொடக்கத்தில் சில வாரக் குளிர் வேண்டும்; எவ்வளவு என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடும் என்றாலும், சென்னை மொட்டைமாடி எந்த மாதத்திலும் அதைத் தருவதில்லை. குளிர் போதாத பூண்டு பிரியாமல் ஒற்றைப்பல்லாக உருண்டுவிடும், அல்லது கீழே ஒன்றும் இன்றி மேலே தழைத்து நிற்கும். சமவெளியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் முளைவிட்ட பல்லைத் தொட்டியில் ஊன்றி, நான்கு மாதம் நீர் ஊற்றி, அறுவடை நாளைக் குறித்துக் குடும்பத்தினரோடு மாறுபட்டு, இறுதியில் தோண்டி வேரை மட்டும் கண்டவர்களுக்கு இக்கட்டுரையால் பயன் இல்லை. அவர்கள் தழையைக் கிள்ளித் துவையல் அரைத்துக்கொள்வது நன்று. அதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. சிக்கல் தன் முழு வடிவில் எழுவது குளிர்ந்த மலைநாட்டில். உதகையிலும், கொடைக்கானலின் மேல்மலை ஊர்களான பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலியவற்றிலும் வீட்டுக் கொல்லையில் ஊன்றிய பல் பூண்டாகவே விளையும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட நிலப்பகுதிக்கே உரிய சிறப்புடைய பொருள் என்னும் சட்டவழி ஏற்பு, கிடைத்தது. மலையிலிருந்து இறங்கும் மூட்டைகள் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தையில் விலைபோகின்றன. சந்தைக்கு விளைவிப்போர் தோண்டும் நாளைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை. அவர்களுக்கு அது தெரியும். இவ்வாய்வு அவர்களைப் பற்றியதன்று. ஒரு பாத்தியோ இரண்டு தொட்டியோ வைத்துக்கொண்டு, அதனைச் சுற்றிச்சுற்றி வருவோரைப் பற்றியது.

கண்ணுக்கு எட்டாத பொருளை எவ்வாறு அறிவது என்னும் வினாவுக்குத் தமிழில் முறையாக விடை தேடிய நூல் மணிமேகலை. சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைவாதி, ‘அளவை’ எனப்படும் அறியும் வழிகளை எடுத்துரைக்கிறான். வேதவியாதன் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் அவற்றை வகுத்ததாகக் கூறுகிறான். பிற்பட்ட காதை ஒன்றில் அறவண அடிகள் பௌத்த முறைப்படி அவை இரண்டே என்று சுருக்கிவிடுகிறார். அக்காதையின் பெயரிலேயே, தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை என்று, ‘பூண்டு’ வெளிப்படையாக இடம்பெற்றிருப்பது காணத்தக்கது. அது ‘மேற்கொண்டு’ என்னும் பொருளுடைய வினையெச்சமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அகழ்வுச் சிக்கலுக்கு வேண்டிய தருக்கம் முழுவதும் அந்த ஒரு காதையில்தான் விரிவாக உள்ளது என்பதிலும் ஐயமில்லை. இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்வது கற்றோர் கடமை.

முதலாவது அளவை காண்டல். பெயர் கண்ணைச் சார்ந்ததாயினும் ஐம்பொறி அறிவையும் அது தழுவும். கண் மண்ணுக்கு மேலே நின்றுவிடுகிறது. செவிக்கு இங்கு வேலையில்லை. தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் தொட்டியைத் தட்டிப் பார்ப்போரைக் கண்டால் இரக்கத்தோடு விலகிச்செல்க. மூக்கைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் உலகத்தையே மணத்தால் ஆளும் ஒரு பொருள் விளைந்திருந்தால் மணக்காதா என்று பலரும் கருதுகின்றனர். மணக்காது. நலமாக இருக்கும் பூண்டில் அல்லீன் என்னும் மணமற்ற பொருள் ஒரு பக்கமும், அல்லினேசு என்னும் நொதி, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம், வேறொரு பக்கமும் தனித்தனி அறைகளில் அடைபட்டுள்ளன. நசுக்கும்போதோ வெட்டும்போதோ அறைச்சுவர் உடைந்து இரண்டும் கலந்த பின்னரே அல்லிசின் தோன்றி மணம் வீசுகிறது. 1944-இல் செஸ்டர் கவலிட்டோவும் ஜான் பெய்லியும் அல்லிசினைப் பிரித்தெடுத்தனர். ஆகவே தோட்டத்தில் பூண்டு மணம் எழுமாயின் அதனால் பெறப்படுவது பூண்டு விளைந்தது என்பதன்று. யாரோ அதை மிதித்துவிட்டார்கள் என்பதே. நாவுக்கும் இதே நிலை.

அடுத்தது கருதல். ஒன்றைக் கொண்டு அதனோடு நீங்காத தொடர்புடைய மற்றொன்றை உணர்தல் என்று இது விளக்கப்படும். மலையில் புகை கண்டு நெருப்பை உணர்வது தருக்க நூலோரின் பழைய எடுத்துக்காட்டு. அதற்கு ஒப்பாக மணிமேகலை காட்டுவது அடுக்களை. மலை, புகை, அடுக்களை ஆகிய மூன்றும் பூண்டோடு நெருங்கிய உறவுடையவை என்பதை எவரும் உடனே காண்பர். பூண்டு மலையில் விளைகிறது. மலைவீடுகளில் அடுக்களைப் புகை படுமாறு கட்டித் தொங்கவிடப்படுகிறது. பிறகு அடுக்களையிலேயே முடிகிறது. இம்முறைப்படி வாதத்தை அமைத்தால், ‘இம்மண்ணுள் முற்றிய பூண்டு உண்டு’ என்பது பக்கம், அதாவது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று; ‘கீழிலைகள் பழுத்தமையால்’ என்பது ஏது, அதாவது காரணம்; ‘சென்ற ஆண்டுப் பாத்தியைப்போல்’ என்பது எடுத்துக்காட்டு. முதன்முதலாகப் பூண்டு போட்டவர்க்குச் சென்ற ஆண்டுப் பாத்தி என ஒன்று இல்லாமையால் அவரது வாதம் மூன்றாம் உறுப்பில் முடமாகிவிடுகிறது என்பதைக் குறிப்பிடாமல் விட இயலாது. அவர் அடுத்த வீட்டுப் பாத்தியைக் காட்டலாம். அடுத்த வீட்டார் பூண்டே போடவில்லை எனின் வாதத்தை அவ்வளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏது உறுதியானதா என்பதும் ஆராயத்தக்கது. பொய்யான காரணத்தை அந்நூல் ‘ஏதுப்போலி’ என்று பெயரிட்டு மூன்றாக வகுக்கிறது. அவற்றுள் அநைகாந்திகம் என்பது, நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் காரணம். பழுத்த இலை இதற்கு மிகச் சிறந்த சான்று. பூண்டு முற்றினாலும் இலை மஞ்சளாகும். நீர் தேங்கி வேர் அழுகினாலும் மஞ்சளாகும். தழைச்சத்துக் குறைந்தாலும், இலைப்பேன் சாற்றை உறிஞ்சினாலும் நிறம் மாறும். எனவே ‘மஞ்சள்’ என்று மட்டும் சொல்வது போதாது. எந்த இலை, எந்த வரிசையில் என்று கூற வேண்டும். முதிர்ச்சியால் வரும் பழுப்பு அடியிலையில் தொடங்கி, நுனியிலிருந்து தண்டை நோக்கிக் காய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும். பாத்தி முழுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அது நிகழும். எல்லா இலையும் ஒருசேர வெளிறுவதும், நடுவிலை புள்ளிபுள்ளியாகக் கருகுவதும், ஒரு மூலையில் நிற்கும் நான்கு செடி மட்டும் துவள்வதும் வேறு கதை. நட்ட ஏழாம் வாரத்தில் இலை மஞ்சளானதும் ‘விளைந்துவிட்டது’ என்று துள்ளுவோர் முதலில் தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது தருக்கமுறை.

மூன்றாவது உவமம். இதனால் விளைந்த கேடு பெரிது. வெங்காயத்தின் தாள் கழுத்தில் மடிந்து சாய்ந்து, காய்ந்தபின் பிடுங்குவது உழவர் அறிந்த முறை. அதையே பூண்டுக்கும் பொருத்திவிடுகின்றனர். வெங்காயம் முழுதும் அடுக்கடுக்கான ஒரே உடல். தாள் காய்ந்தாலும் சிதறாது. பூண்டு ஒரு கூட்டுக்குடும்பம். மேலே மூத்தோர் சாயும்வரை சேர்ந்திருப்பதுபோல் தோன்றி, அவர்கள் போன மறுவாரமே பிரிந்துபோகும். சில ரகங்களில் கழுத்து மெலிந்து தாள் சாய்வது உண்டு என்றாலும், இலை எல்லாம் காயும்வரை காத்திருப்பது பூண்டுக்குப் பொருந்தாது. உள்ளி என்னும் ஒரே சொல்லை இரண்டுக்கும் வழங்கும் நாட்டில் இவ்வுவமம் இயல்பாக எழுவதே என்று மொழியியலார் அதற்கு இரங்கக்கூடும்.

நான்காவதாக நூலும் பெரியோர் சொல்லும். இதில் குறைவே இல்லை. 1890-இல் நடு ஆசியாவின் குச்சா பகுதியில் பவர் என்னும் படை அதிகாரிக்குக் கிடைத்த பூர்ச்சமரப் பட்டைச் சுவடிகளின் முதற்பகுதியே பூண்டின் பெருமையைப் பேசுவது. பூண்டைப் புகழ்வதற்கு எக்காலத்தும் ஆள் கிடைத்திருக்கிறது. தொட்டிக்கு அருகில் நின்று ‘இன்று’ என்று சொல்வதற்குத்தான் கிடைப்பதில்லை. வேளாண் கையேடுகள் தமிழக மலைப்பயிர்க்கு 120 முதல் 130 நாள் வரை என்று கணக்குச் சொல்கின்றன. கணக்கு சரியானது. ஆனால் அது நட்ட நாள் தெரிந்தவர்க்கே உதவும்; நட்ட நாளைக் குச்சியில் மையால் எழுதி ஊன்றியோர், முதல் மழையோடு அக்குச்சி அடையாளமற்ற குச்சியாகிவிடுவதைக் கண்டுள்ளனர். ‘தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா’ என்று தொடங்கும் குடும்ப விவாதம் அன்றே பிறக்கிறது.

உலகவழக்கில் பரம்பரையாக வந்து, யார் சொன்னது என்று தெரியாமல் நிலவும் செய்தியை ஐதிகம் என்பர். அந்த மரத்தில் பேய் உண்டு என்று நம்புவதை மணிமேகலை இதற்குக் காட்டுகிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலில் ஊன்றி மிக நீண்ட பகலில் எடு என்று இங்கிலாந்தில் வழங்கும் சொல் இவ்வகையது. இலண்டனில் அவ்விரு பகல்களுக்கும் இடையே ஏறத்தாழ 9 மணி நேர வேறுபாடு உண்டாகலின், பகல் நீள்வதைப் பூண்டு உணர்ந்து பருக்கத் தொடங்குகிறது. அச்சொல் அங்கே பேயன்று. கொடைக்கானலிலோ அவ்வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மிகுதி. அங்கே அச்சொல்லை நம்பித் திசம்பர் 21-ஐயும் சூன் 21-ஐயும் நாள்காட்டியில் வட்டமிடுவோர் பேயையே வட்டமிடுகின்றனர்.

அபாவம் என்பது இல்லாமையை இல்லாமையாலேயே அறிதல். காலையில் பாத்தியில் இருந்த செடி மாலையில் இல்லை என்றும், அடுக்களையில் ரசம் மணக்கிறது என்றும் ஒருசேர அறியும்போது இது பயன்படும். ஏனைய அளவைகளை விரித்தால் கட்டுரை நீளும்; பூண்டும் முற்றிவிடும்.

இவ்விடத்தில், இதுவரை எவரும் சுட்டியதாகத் தெரியாத ஓர் ஒற்றுமையைப் பதிவுசெய்வது இக்கட்டுரையின் உரிமை. நன்கு வளர்ந்த பூண்டுச்செடி ஏறத்தாழ பத்து இலை விடும். அடியிலைகள் இரண்டு காய்ந்து எட்டு பச்சையாக நிற்கும்போது நீர் பாய்ச்சுவதைக் குறைத்து நிறுத்துவது முறை. அவ்வாறு தோண்டுவதற்கு இரண்டு வாரம் முன்னரே மண்ணை உலரவிட்டால் உறை இறுகும். மேலும் இரண்டு காய்ந்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாக இலை போய், ஆறு பச்சையாக எஞ்சும்போது தோண்டலாம். பத்து, எட்டு, ஆறு. வேதவியாதன், கிருதகோடி, சைமினி. அளவைவாதி பூண்டு பயிரிட்டவன் என்று இதனால் நிறுவ இயலாது என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை இக்கட்டுரைக்கு உண்டு. பயிரிடவில்லை என்றும் ஒருவரும் நிறுவியதில்லை.

ஆயினும் இலையெண்ணிக்கை கருதல் அளவைக்கே உட்பட்டது. ஒவ்வொரு செடியும் சரியாகப் பத்து இலை விடுவதாக உறுதி கூறவில்லை. இலைப்பேனும் இடையில் புகுந்து கணக்கைக் கெடுக்கும். ஆகவே காண்டலுக்கே மீண்டும் வர வேண்டியுள்ளது. அங்கே கண், செவி, மூக்கு, நா நான்கும் தோற்றன என்று கூறப்பட்டதேயன்றி, மெய் தோற்றதாகக் கூறப்படவில்லை. தொட்டறிவதும் காண்டலே. அகழ்வுச் சிக்கல் தீர்வது இந்த ஒரு பொறியால்தான். ஆறேழு இலை பச்சையாக இருக்கும்போது, தண்டின் ஓரமாக மண்ணை விரலால் மெல்ல விலக்கி, வேரை அசைக்காமல், பூண்டின் தோள்வரை மட்டும் விரலை இறக்கித் தடவிப் பார்க்க வேண்டும். வழவழப்பாக, ஈர்க்குபோல் நேராக இறங்கினால் விளையவில்லை. உருண்டு, ஆனால் மேடுபள்ளமின்றி இருந்தால் பல் பிரியவில்லை. உருண்டு, விரலுக்குக் கீழே மேடும் பள்ளமும் மாறிமாறித் தென்பட்டால் பல் நிறைந்துவிட்டது. பார்த்தபின் மண்ணை மூடிவிட்டால் பூண்டு தன் வேலையைத் தொடரும். தொட்டறிந்ததை உறுதிசெய்ய, ஒரே ஒரு செடியை, ஒன்றையேதான், எடுத்து இடுப்பளவில் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். பற்கள் நடுத்தண்டைச் சுற்றி இடைவெளியின்றித் தோலை நிறைத்திருந்தால் நாள் வந்துவிட்டது. வெட்டியது அன்றே குழம்புக்குப் போகலாம். அதன் ஈரத்தோல் உரிப்பதற்குக் கடினமாக இருப்பதைப் பற்றி அடுக்களையிலிருந்து எழும் கருத்துகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

நாள் வந்தபின் செய்ய வேண்டியவற்றில் விவாதத்துக்கு இடமில்லை. தாளைப் பிடித்து இழுக்கக் கூடாது. கழுத்து அறுந்து தாள் கையோடு வரும், பூண்டு மண்ணோடு நிற்கும். களைக்கொத்தால் அடிமண்ணைத் தளர்த்தி ஏந்தி எடுக்க வேண்டும். கழுவக் கூடாது. வெயிலில் பரப்பாமல், இலையோடு சேர்த்துக் கட்டி, காற்றோடும் நிழலில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால் கழுத்து உலர்ந்து உறை சரசரக்கும். இவ்வாறு உலர்ந்த பூண்டு எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு எல்லை காண்பது அரிது. 1922-இல் திறக்கப்பட்ட எகிப்திய அரசன் தூதங்காமன் கல்லறையில், 3,000 ஆண்டுக்கு மேற்பட்ட உலர்ந்த பூண்டுகள் உருக்குலையாமல் கிடந்தன. எகிப்தியர் தோண்டிய நாள் சரியானது என்று கொள்ளலாம். வீட்டில் அவ்வளவு காலம் தேவைப்படாது. பூண்டு விதை வைப்பதில்லை, பல்லே விதை. ஆகவே தொங்குவனவற்றுள் பெரியதாக நான்கை அடுத்த பருவத்துக்கு என்று தனியே முடிந்து, யாருடைய கைக்கும் எட்டாத உயரத்தில் கட்டிவிட வேண்டும்; அடுத்த முறை நட்ட நாளைக் குச்சியில் எழுதாமல் சுவர் நாள்காட்டியில் எழுத வேண்டும்.

இக்கட்டுரையை வாசிக்கத் தொடங்கியபோது பாத்தியில் ஆறு இலை பச்சையாக நின்ற வாசகர்கள் இப்போது எழுந்துபோய் எண்ணிப் பார்க்குமாறு வேண்டப்படுகின்றனர். நான்கு இருந்தால், களைக்கொத்து எங்கே என்று தேட வேண்டிய நேரம் இது.